தொடக்கப் பள்ளியில் அறிவியல் சோதனை: எதைக் குழந்தை கையில் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது?

தென்காசி, குற்றாலம் பக்கத்துப் பள்ளிகளைச் சுற்றியே நல்ல சோதனைக்கான பொருட்கள் கிடக்கின்றன. ஆபத்தானவையும் அங்கேயேதான் கிடக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அறிவியல் பாடம் நடத்த இரண்டு வழி சுலபம். ஒன்று, கரும்பலகையில் படம் வரைந்து, கேள்வி பதிலை எழுதிப்போட்டு முடித்துவிடுவது. இன்னொன்று, யூடியூபில் புகையும் நெருப்புமாக வரும் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அதையே வகுப்பில் செய்து காட்டுவது. முதலாவதில் யாருக்கும் காயம் இல்லை, ஆனால் யாரும் எதையும் கற்கவும் இல்லை. இரண்டாவதில் கைத்தட்டல் கிடைக்கும், கூடவே கண்ணும் கையும் போகிற வாய்ப்பும் இருக்கிறது.

"ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையிலதான் விழும்" என்ற பயம் ஆசிரியர்களிடம் இருப்பது நியாயம்தான். 60 மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர் என்பதுதான் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் கணக்கு. ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கிற இடத்தில், ஒருவர் நெருப்பு பற்றவைத்துவிட்டு மூன்றாம் வகுப்புக் கணக்கைத் திருத்தப் போக முடியாது. ஆகவே தொடக்க வகுப்பில் பாதுகாப்பு என்பது கண்ணாடியும் கையுறையும் வாங்குவதற்கு முன்பே தொடங்குகிறது. எந்தச் சோதனையை எடுப்பது என்ற தேர்விலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

தமிழக அரசின் 'வானவில் மன்றம்' திட்டம் 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கப்பட்டது. 13,210 அரசுப் பள்ளிகளுக்குச் சோதனைப் பொருட்களோடு கருத்தாளர்கள் போவார்கள் என்பது ஏற்பாடு. நல்ல திட்டம். ஆனால் அது 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. 1 முதல் 5 வரை உள்ள குழந்தைகளுக்கு வகுப்பு ஆசிரியர்தான் எல்லாம். அவர் எதை நம்பித் தேர்ந்தெடுப்பது?

நான்கு கேள்விகள்

ஒரு சோதனையைக் கையில் எடுக்கும் முன் நான்கு கேள்வி கேட்டால் போதும்.

ஒன்று: இது தப்பாகப் போனால், மிக மோசமாக என்ன நடக்கும்? தண்ணீர் கொட்டும் என்றால் துடைத்துக்கொள்ளலாம். கண்ணில் தெறிக்கும் என்றால் யோசிக்க வேண்டும்.

இரண்டு: குழந்தை இதை வாயில் போட்டால், மூக்கில் சொருகினால் என்ன ஆகும்? ஒன்றாம் வகுப்புக் குழந்தை கட்டாயம் போடும், சொருகும். 'செய்யாதே' என்று சொல்வது ஏற்பாடு ஆகாது.

மூன்று: 30 பிள்ளைகள் ஒரே நேரத்தில் செய்தால் ஒரே ஆசிரியரால் பார்க்க முடியுமா?

நான்கு: இதே கருத்தை இதைவிடச் சாதுவான பொருளை வைத்துச் சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியும்.

இந்த நான்கையும் கேட்டுவிட்டு, சோதனைகளை மூன்றாகப் பிரிக்கலாம். குழந்தை தன் கையால் செய்வது; ஆசிரியர் மட்டும் செய்து காட்டுவது; தொடக்கப் பள்ளிக்கே வேண்டாதது.

ஆரத்தித் தட்டில் இருக்கும் ஆபத்து

நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வேதியியல் சோதனை ஆரத்தி. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பாகும். மஞ்சள் ஒரு நிறங்காட்டி. காரப் பொருள் பட்டால் நிறம் மாறும். பாடம் அருமை. சிக்கல் சுண்ணாம்பில் இருக்கிறது.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வலுவான காரம். அதன் பாக்கெட்டை அழுத்தி விளையாடும்போது கண்ணில் பீய்ச்சியடித்துப் பார்வை பாதிக்கப்பட்ட குழந்தைகளை இந்தியக் கண் மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். அமிலம் பட்டாலே பயப்படும் நாம், காரம் பட்டால் அலட்சியமாக இருக்கிறோம். உண்மையில் காரம் கண்ணின் உள்ளே ஆழமாக ஊடுருவும். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிப்பதைச் சொல்லவே வேண்டாம்.

மாற்று என்ன? சோப்புத் தண்ணீர். மஞ்சள் தேய்த்த காகிதத்தில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தாலே சிவந்துவிடும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். கருத்து ஒன்றுதான், பயம் இல்லை. செம்பருத்திப் பூவைக் கசக்கி எடுத்த சாற்றையும் இப்படியே பயன்படுத்தலாம்.

மூச்சுக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்று காட்ட, சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ரா வைத்து ஊதச் சொல்வது பழைய வழக்கம். ஊதச் சொன்னால் உறிஞ்சுகிற வயது அது. இதை ஆசிரியர் செய்து காட்டலாம், அல்லது ஆறாம் வகுப்புக்குத் தள்ளிவைக்கலாம்.

விதை சேகரிப்பா? எந்த விதை?

"நாளைக்கு வரும்போது ஆளுக்குப் பத்து விதை கொண்டு வாங்க." தொடக்கப் பள்ளியில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துக் கிராமத்தில் இப்படிப் பொதுவாகச் சொல்லிவிட்டால், பிள்ளைகள் எதைக் கொண்டுவருவார்கள்?

சிவப்பும் கறுப்புமாகப் பளபளக்கும் குன்றிமணி கட்டாயம் வரும். எண்ணிப் பழகக்கூட அதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அதில் இருக்கும் ஆப்ரின் கொடிய நச்சு. ஓடு உடையாத விதை அப்படியே வெளியேறிவிடலாம். கடித்துவிட்டாலோ, மாலை கோக்கத் துளை போட்டிருந்தாலோ கதை வேறு. ஆமணக்கு முத்தில் ரைசின். காட்டாமணக்குக் கொட்டை, பார்க்கக் கடலைப் பருப்பு மாதிரி இருக்கும் என்பதாலேயே பிள்ளைகள் தின்றுவிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்குப் போவது தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. ஊமத்தை, அரளி இரண்டும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்திலேயே வளர்கின்றன. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். மாநில மலரான செங்காந்தள்கூட கிழங்கு முதல் விதை வரை நஞ்சுதான்.

எனவே விதையை ஆசிரியரே மளிகைக் கடையில் வாங்கிவிடுவது நல்லது. பாசிப்பயறு, கொண்டைக்கடலை, வெந்தயம், மொச்சை போதும். உரக்கடையில் வாங்குகிற விதை வேண்டாம். அதில் பூச்சிக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ தடவி விதை நேர்த்தி செய்திருப்பார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு மொச்சை மாதிரிப் பெரிய விதையாக எடுப்பதும், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதும் உதவும். ஆனால் எந்த விதையும் வாய்க்குள் போகக் கூடாது. பச்சையாகத் தின்னவும் கூடாது.

அதற்காக நஞ்சுச் செடிகளைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. பள்ளியைச் சுற்றி இருக்கும் அரளியையும் ஊமத்தையையும் படம் போட்டு அடையாளம் காட்டுவதே ஒரு நல்ல அறிவியல் பாடம். தொடாமலே கற்க வேண்டிய பாடம் அது.

நெருப்பு: ஆசிரியர் கையில் மட்டும்

தொடக்க வகுப்பில் குழந்தை கையில் தீப்பெட்டி இல்லை. இதில் பேரம் பேச இடமில்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அது அறிவியல் சோதனையால் வந்த தீ அல்ல. சமையல் கூடத்தில் தொடங்கிக் கூரைக்குப் பரவியது. ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் தீ எவ்வளவு வேகமாகக் கைமீறும் என்பதைத் தமிழ்நாட்டுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயிற்சி பெற்றவர்களிடமும் இது நடக்கிறது. 2014 ஜனவரி 2 அன்று நியூயார்க்கில் ஒரு உயர்நிலைப் பள்ளியில், உப்புகளை எரித்து வண்ணச் சுவாலை காட்டும் 'வானவில்' சோதனையில் மாணவர்கள் தீக்காயம் அடைந்தார்கள். எரிபொருள் மெத்தனால். இதே சோதனை ஆபத்தானது என்று அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் எச்சரிக்கை வீடியோ வெளியிட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அந்த வாரியம் பிறகு சொன்ன பாடம் எளிமையானது: பெரிய பாட்டிலில் இருக்கும் எரிதிரவத்தைச் சோதனை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவரவே கூடாது. நம் ஊரில் இதற்கு மெத்தனால் தேவையில்லை. மேசை ஓரத்தில் மறந்து வைத்த சானிடைசர் பாட்டிலே போதும்.

'மந்திரமா? தந்திரமா?' நிகழ்ச்சிகளில் கற்பூரத்தை நாக்கில் வைப்பது, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் கிளிசரின் ஊற்றித் தானாகத் தீப்பிடிக்க வைப்பது எல்லாம் உண்டு. மூடநம்பிக்கையை உடைக்க அவை பயன்பட்டிருக்கின்றன. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொண்டு போவது 'இதை வீட்டில் செய்து பார்க்கணும்' என்பதைத்தான். தொடக்கப் பள்ளிக்கு அது வேண்டாம்.

கண்காட்சி எரிமலையும் அப்படித்தான். ஆரஞ்சு நிறத் தூளைக் கொளுத்தி, பச்சைச் சாம்பல் பொங்கவிடுவார்கள். அந்தத் தூள் அம்மோனியம் டைகுரோமேட். அதில் உள்ள குரோமியம் வகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகச் சொல்கிறது. சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தாலே எரிமலை பொங்கும். ஒரே நிபந்தனை, பாத்திரத்துக்கு மூடி போடக் கூடாது. மூடிய பாட்டிலில் வாயு சேர்ந்தால் அது வெடிக்கும்.

எரியும் மெழுகுவர்த்தி மேல் டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீர் ஏறுவதைக் காட்டும் சோதனையை ஆசிரியர் செய்து காட்டலாம். பக்கத்தில் ஒரு வாளி மணல், பிள்ளைகள் இரண்டு மீட்டர் தள்ளி, துப்பட்டாவும் தொங்கும் முடியும் கட்டிய நிலையில். கூடவே ஒரு திருத்தம்: 'ஆக்சிஜன் தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது' என்பது முழுச் சரியான விளக்கம் அல்ல. சூடான காற்று விரிந்து, சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குவதுதான் முக்கியக் காரணம். சுடர் அணைந்த பிறகே தண்ணீர் வேகமாக ஏறுவதைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்வார்கள்.

கரன்ட் சோதனைக்கு எலுமிச்சை

வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். பிளக் பாயின்ட் பக்கம் எந்தச் சோதனையும் போகக் கூடாது. 1.5 வோல்ட் டார்ச் செல், சின்ன பல்பு, கொஞ்சம் வயர், இவற்றோடு ஐந்தாம் வகுப்பு வரை ஓட்டிவிடலாம். ரீசார்ஜ் செய்யும் பேட்டரி, பழைய செல்போன் பேட்டரி வேண்டாம். வயர் நேரடியாக இரு முனைகளிலும் பட்டால் சட்டென்று சூடாகிக் கையைச் சுடும், தீயும் பிடிக்கலாம்.

பட்டன் பேட்டரி இன்னும் மோசம். அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயில் புண் உண்டாகும். உருண்டைக் குட்டிக் காந்தங்களும் அதே பட்டியல். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளைச் சேர்த்து இறுக்கிப் பிடித்துவிடும்.

தென்காசி மாவட்டத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். ஒரு பழத்தில் துத்தநாகம் பூசிய ஆணி ஒன்று, செம்புக் கம்பி ஒன்று குத்தினால் ஏறக்குறைய 0.9 வோல்ட் கிடைக்கும். ஒரு பழத்தை வைத்துப் பார்த்துவிட்டு 'எரியலையே' என்று விடுகிறார்கள். நான்கு பழங்களை வரிசையாக இணைத்தால் சிவப்பு எல்இடி மங்கலாக ஒளிரும். இருட்டில் பார்க்க வேண்டும். ஆணி, கம்பியின் கூர்முனையை ஆசிரியர் குத்தட்டும். சோதனை முடிந்த பழம் ஜூஸுக்கு ஆகாது, உலோகம் கரைந்திருக்கும்.

சூரியனைப் பார்க்காமலே பார்க்கலாம்

2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் கோவை, திண்டுக்கல் வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்தது. அடுத்து 2031 மே 21 அன்று கேரளம், தென் தமிழகம் வழியாக இன்னொன்று வருகிறது. எக்ஸ்ரே பிலிம், கலர் கண்ணாடி, தண்ணீர் நிரம்பிய தட்டு எதுவும் கண்ணைக் காக்காது. விழித்திரை வெந்துபோகும்போது வலிக்காது என்பதுதான் இதில் கொடுமை.

கிரகணத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வேப்பமரத்தடியில் விழும் வட்ட வட்டமான வெளிச்சப் புள்ளிகளைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். இலை இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் ஏன் வட்டமாகவே விழுகிறது? அவை ஒவ்வொன்றும் சூரியனின் படம். அட்டையில் ஊசித் துளை போட்டு அதைத் தரையில் விழவைத்துப் பார்க்கலாம். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றபடி செய்வதால் கண்ணுக்குக் கேடில்லை.

அருவிக்குப் போகாமல் அருவியைப் படிப்பது

குற்றாலம் பக்கத்தில் இருக்கும்போது 'களப்பயணம்' என்றதும் அருவிதான் நினைவுக்கு வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அவர் உயிரிழந்தார். அடிவாரத்தில் வெயில் அடித்தாலும், மேலே மலையில் பெய்யும் மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

இதை வகுப்பிலேயே கற்பிக்கலாம். ஒரு பெரிய தட்டில் ஈர மணலைக் குவித்து மலை ஆக்க வேண்டும். நடுவில் விரலால் ஒரு ஓடை, அடியில் சில பொம்மை ஆட்கள். மலையுச்சியில் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால், அடிவாரத்துக்கு வர எத்தனை எண்ணிக்கை ஆகிறது? அதே மலையில் புல்லோ பஞ்சோ பதித்துவிட்டு ஊற்றினால் எவ்வளவு நேரம்? 'கீழே மழையே இல்லையே, பொம்மை எப்படி அடிச்சுட்டுப் போச்சு?' என்று ஒரு பிள்ளை கேட்டால் பாடம் முடிந்தது. சைரன் ஒலித்ததும் ஏன் உடனே வெளியே வர வேண்டும் என்பது அதற்குப் பிறகு அறிவுரையாக இருக்காது, தானே கண்டுபிடித்த உண்மையாக இருக்கும்.

சாரலையும் அளக்கலாம். மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமுள்ள பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் ஒட்டிய ஸ்கேல். தினமும் காலை 8.30 மணிக்கு எவ்வளவு மில்லிமீட்டர் என்று குறித்துவிட்டுக் கொட்டிவிட வேண்டும். இந்திய வானிலைத் துறை அளக்கும் நேரமும் அதுதான். ஜூன் முதல் வரும் சாரலும் அக்டோபருக்குப் பிறகு வரும் வடகிழக்குப் பருவமழையும் எப்படி வேறுபடுகின்றன என்பது ஒரே கல்வியாண்டில் பிள்ளைகளின் நோட்டிலேயே தெரிந்துவிடும். ஒரே எச்சரிக்கை, டப்பாவைத் தினமும் காலி செய்யாவிட்டால் கொசு முட்டையிடும்.

காற்றுக்கும் இங்கே பஞ்சமில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில்தான் சுரண்டை, ஊத்துமலை பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுகின்றன. பனையோலைக் காற்றாடிக்கு முள் குத்துவது வழக்கம்; அதற்குப் பதில் ஈர்க்குச்சி போதும். எத்தனை இறக்கை இருந்தால் வேகமாகச் சுற்றுகிறது, இறக்கையை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று பிள்ளைகளே மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

புதர்ப் பக்கம் பூச்சி பார்க்கப் போவதானால், கல்லைக் கையால் புரட்ட வேண்டாம், கம்பளிப்பூச்சியைத் தொட வேண்டாம், கால் மூடிய செருப்போ ஷூவோ வேண்டும். பூஞ்சை வளர்ப்பதானால் இட்லித் துண்டை ஒளி ஊடுருவும் கவரில் போட்டு ஒட்டிவிட்டு, கடைசிவரை திறக்காமல் பார்த்துவிட்டு, அப்படியே அப்புறப்படுத்த வேண்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்?

கண்ணில் எது தெறித்தாலும் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். ஊதுவது, தாய்ப்பால் விடுவது வேண்டாம். கழுவிய பிறகுதான் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

தீக்காயத்துக்கும் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர். பற்பசை, இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம்.

விதை, இலை தின்றிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மிச்சமிருக்கும் விதையையோ இலையையோ கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும்.

பொறுப்பு ஆசிரியர் தலையில் மட்டுமா?

இங்கிலாந்தில் அறிவியல் கல்விச் சங்கம், தொடக்கப் பள்ளிகளுக்கென்றே 'பி சேஃப்' என்ற சிறு கையேட்டைப் பல பதிப்புகளாக வெளியிட்டு வந்திருக்கிறது. எந்த வயதுக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஆசிரியர் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் கேட்கவும் அங்கே ஓர் அமைப்பு உண்டு.

நம் ஊருக்கு அதன் மொழிபெயர்ப்பு உதவாது. அதில் குன்றிமணியோ, வெற்றிலைச் சுண்ணாம்போ, எருக்கம்பாலோ, காட்டாற்று வெள்ளமோ இருக்காது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அந்த ஊர்ச் செடி, அந்த ஊர் மழை, அந்த ஊர்ப் பொருளை வைத்து ஒரே ஒரு பக்கப் பட்டியல் போதும்: கையால் செய்வது எது, ஆசிரியர் மட்டும் செய்வது எது, வேண்டவே வேண்டாதது எது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் வட்டார வள மையங்களும் சேர்ந்து உட்கார்ந்தால் சில நாள் வேலை. அந்தப் பட்டியலுக்கு உட்பட்டுச் சோதனை செய்த ஆசிரியரை, சிறு காயத்துக்கெல்லாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டோம் என்ற உறுதியையும் துறை தர வேண்டும்.

அறிவியல் கண்காட்சிக்கு வரும் நடுவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. புகை வந்த மேசைக்கு முதல் பரிசு கொடுக்கும்வரை, அடுத்த வருஷம் அதைவிடப் பெரிய புகைதான் வரும். ஆறு மாத மழையளவை நோட்டில் எழுதிவைத்திருக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒருமுறை பரிசு கொடுத்துப் பார்க்கலாம்.